சர்வே எண் 114

"நான் ஒரு பைசா வாங்கலைம்மா. என்னை எதுக்கு விசாரணைக் கமிஷன் கூப்பிடுது?"

பராங்குசம் வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார்.

தலைமைச் செயலகத்தில் எரிவாயுக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவு அலுவலர். ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. எட்டு வருடமாக, மாதம் ஒரு சனிக்கிழமை கார் வைத்துக்கொண்டு தையல்நாயகியிடம் தியானம் கற்க வருகிறார். அவரைவிட அவள் பதினெட்டு வயது சின்னவள். ஓட்டு வீட்டில் தனியாக இருப்பவள். ஊரே அம்மா என்றதால் அவரும் அம்மா என்றார்.

"யாரு வாங்குனது?" என்றாள்.

"மந்திரியோட மச்சான். எரிவாயுக் கிணறு தோண்ட வந்த வெளிநாட்டுக் கம்பெனி அவனுக்குப் பங்கு குடுத்திருக்கு. பேப்பர்லயே வந்துடுச்சு."

"அனுமதி குடுத்தது?"

"மேலே இருக்கிறவங்க."

"கோப்பு இருக்கா?"

திங்கட்கிழமை விசாரணைக்காக நகல் எடுத்து வைத்திருந்தார்.

"கடைசிப் பக்கத்துலேருந்து படிங்க."

"மந்திரி. மேற்குறிப்பின்படி அனுமதிக்கலாம்."

"அதுக்கு முன்னாடி?"

"செயலாளர். மேற்குறிப்பின்படி."

"அதுக்கும் முன்னாடி?"

"துணைச் செயலாளர். மேற்குறிப்பின்படி."

பராங்குசம் பக்கத்தைத் திருப்பினார். முதல் பக்கம் வந்துவிட்டது.

"இது யாரு எழுதுனது?"

"நான்தான். ஆனா நானா எழுதலைம்மா. மந்திரியோட பி.ஏ. போன் பண்ணார். வெளிநாட்டுக்காரங்க சாயங்காலம் பிளைட் ஏறணும், நாலு மணிக்குள்ள குறிப்பு வேணும்னார்."

"போன் வந்தது இதுல இருக்கா?"

"அதெல்லாம் எழுதற வழக்கமில்லை."

"எழுதுனதைப் படிங்க."

"சர்வே எண் 114. தரிசு நிலம். குடியிருப்பு ஏதும் இல்லை. ஆட்சேபணை இல்லை."

"நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"செக்ரடேரியட்ல யாரும்மா நிலத்தைப் பாக்கறாங்க? நம்பரைத்தான் பார்ப்போம்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. முப்பது வருடப் பழக்கம், எங்கே போகும்?

தையல்நாயகி எழுந்தாள். பாயைச் சுருட்டினாள். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டாள். வெளியே போய், உச்சி வெயிலில், நடுத்தெருவில் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

அவர் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார்.

"என்னம்மா இது? உள்ளே வாங்க."

அவள் காகிதத்தை நீட்டினாள். வீட்டுப் பட்டா.

எண் 114.

கிராமத்தின் பெயரைப் பார்த்தார். வருவாய்த்துறைப் பதிவில் மட்டும் இருக்கிற பெயர். ஊருக்குள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. கோப்பிலும் அதே பெயர்தான் இருந்தது.

எட்டு வருடம் அவர் கண்ணை மூடி உட்கார்ந்த வீடு அது.

எதிர்வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி காய்ந்தது. அடுத்த வாசலில் ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவரைப் பார்த்து, வழக்கம்போல, "வாங்க சார்" என்றாள்.

"இந்த நம்பர்ல எத்தனை வீடும்மா?"

"நாப்பத்திரண்டு."

"காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வரலையா?"

"யாருக்கு வரும்?"

"ஐயோ. புதன்கிழமை இயந்திரம் வருதும்மா."



அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கோப்பு நழுவி விழுந்தது. கை கூப்பினார்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"யார்கிட்ட கேக்குறீங்க?" என்றாள் தையல்நாயகி. "இங்கதான் யாரும் இல்லையே."