மேட்டுப் பாத்தி

கொம்பையாவின் குரு அவரைவிட இருபது வயது இளையவர். பெயர் உலகம்மை. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிந்து கடற்கழி தொடங்கும் இடத்தில் சிறியதோர் அறச்சாலை நடத்திவந்தார். யார் எதைக் கேட்டாலும் உடனே விடை சொல்லமாட்டார். அவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் இருந்த குறை அது ஒன்றுதான்.

முப்பத்தைந்து ஆண்டுகள் டீசல் இன்ஜினோடு வாழ்ந்த கொம்பையா, அறுபதாம் வயதில் அவரிடம் சீடராகச் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. கையிலிருந்த கிரீஸ் கறையும் போகவில்லை. மனத்திலிருந்த பரபரப்பும் போகவில்லை.

அறச்சாலையை அடுத்த உப்பளத்தைப் பன்னிரண்டு பெண்கள் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். கிணற்று உவர்நீரை இறைத்து அவர்களுடைய பாத்திகளில் பாய்ச்சுவது கொம்பையாவின் இன்ஜின். அதை விற்றுவிட்டு வெயிலில் ஓடும் பம்பு வைக்கலாம் என்று பேசிப் பேசி அவர்களை இசையவைத்தவரும் அவரே.

சூரிய மின்தகடுகள் வந்து இறங்கின. உச்சிப்பொழுதில் கொம்பையா சுவிட்சைத் தட்டினார். புகையில்லை, இரைச்சலில்லை. குழாயின் வாய் நிறைய நீர் குதித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். கொம்பையா வயதை மறந்து வரப்பின்மேல் ஓடினார்.

"தாயே! இனி ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம்! இந்த அளத்துக்கு மட்டுமில்ல, உலகத்துக்கே வேண்டாம்! நாளைக்கு மத்தியானம் லாரி வந்து இன்ஜினைத் தூக்கிட்டுப் போயிரும்!"

உலகம்மை சிரித்தார். "நாளைக்குக் காலையில தண்ணி பாய்ச்சுங்க, அண்ணாச்சி. பாப்போம்."

உப்பளத்தில் வேலை விடியுமுன்னே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் வெண்மையில் கண் கூசும், கால் பொரியும். ஆகவே நான்கு மணிக்கு வந்து, விளைந்த உப்பை வாரி வரப்பில் குவித்து, வெறும் பாத்திக்குப் புதுநீர் பாய்ச்சிவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் வீடு திரும்புவார்கள். கதிர் எழும்போது பாத்தியில் நீர் நிற்கவேண்டும். அப்போதுதான் அன்றைய வெயில் முழுவதும் உப்பாகும்.

மறுநாளும் அவ்வாறே வாரி முடித்தார்கள். மூத்தவளான பேச்சியம்மாள் கை தட்டினாள்.

"அண்ணாச்சி, தண்ணியை விடுங்க!"

கொம்பையா சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் நிகழவில்லை. மறுபடி தட்டினார். கம்பிகளை இழுத்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

வானத்தில் விடிவெள்ளி மட்டும் இருந்தது.

முப்பத்தைந்து ஆண்டுகளில் இன்ஜினை ஓட்ட அவர் ஒரு நாளும் நேரம் பார்த்ததில்லை.

"என்ன அண்ணாச்சி," பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "சூரியன் இன்னும் எந்திரிக்கலையோ? போய் எழுப்பிவிட்டு வாறீகளா?"

"ஒரு காப்பி குடுத்துப் பாருங்க, மாமா!" என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு சற்று நேரந்தான் நீடித்தது.

"வெளையாட்டில்ல அண்ணாச்சி," என்றாள் பேச்சியம்மாள். "ஒரு மாசம் எங்க காலால மிதிச்சு இறுக்குன தரை இது. காஞ்சு வெடிச்சா அடிமண்ணு மேல வரும். உப்பு கறுத்துப் போகும். மறுபடி ஒரு மாசம் யாரு மிதிக்க? இன்ஜின் இன்னைக்கு இருக்கு. நாளைக்கு?"

கொம்பையா விறுவிறுவென்று நடந்தார். இன்ஜின் கொட்டகைக்குள் போய்க் கைப்பிடியைச் சுழற்றினார். அது இருமியது, புகைந்தது, ஓடியது. பாத்திகள் நிறைந்தன.

விடிந்ததும் அறச்சாலை வாசலில் வந்து நின்றார்.

"தாயே, பன்னிரண்டு பேர் பிழைப்புல கை வச்சுட்டேன். லாரியைத் திருப்பி அனுப்பட்டுமா? சோலாரைக் கழத்திரட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க. எண்ணெய் உக்காந்த இடத்துல வெயில் உக்கார முடியுமா, முடியாதா?"

உலகம்மை எழுந்தார். "உங்க மம்பட்டி எங்க?"

கிணற்றை ஒட்டி மற்றெல்லாப் பாத்திகளையும்விட உயர்ந்த ஒரு பாத்தி கிடந்தது. மேடாக இருந்ததால் அதில் யாரும் உப்பு விளைவிப்பதில்லை. உலகம்மை மண்வெட்டியோடு நேரே அங்குச் சென்று, மண்ணை வெட்டி அதன் வரப்பின்மேல் போட்டார். மறுபடி வெட்டினார். மறுபடி போட்டார்.

"தாயே, அது மேடு. அங்க உப்பு விளையாது."

"விளைய வேண்டாம்."

கொம்பையா உயரும் வரப்பைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். கீழே சரிவாக இறங்கிக் கிடந்த பாத்திகளைப் பார்த்தார்.

"ஏ பேச்சி!" அவர் போட்ட சத்தத்தில் கழியிலிருந்த கொக்குகள் எழும்பின. "வீட்டுக்குப் போகாதீங்க! எல்லாரும் மம்பட்டியோட வாங்க!"

அன்று எட்டு மணிக்கு யாரும் வீடு திரும்பவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். ஒருத்தி வெட்ட, ஒருத்தி சுமக்க, பேச்சியம்மாள் எல்லாரையும் ஏசிக்கொண்டே மிதித்து இறுக்கினாள். உச்சிப்பொழுதில் வரப்பு முழங்கால் உயரம் நின்றது. கொம்பையா குழாயைத் திருப்பிவிட்டார். வெயில் கொளுத்தக் கொளுத்த நீர் பொங்கி விழுந்தது.

லாரி வந்தது.

"நாளைக்கு வாப்பா," என்றார் கொம்பையா.

"நாளைக்கு வந்தா தருவீகளா, அண்ணாச்சி?"

"நாளைக்குத்தான் எனக்கே தெரியும்!"

பொழுது சாயுமுன் மேட்டுப் பாத்தி நிறைந்தது. அங்கே நின்ற நீரும் சும்மா நிற்கவில்லை. வெயிலில் சுண்டிச் சற்று உவர்ப்பு ஏறியிருந்தது.

மறுநாள் அதே நான்கு மணி. அதே விடிவெள்ளி. உப்பை வாரிவிட்டு எல்லாரும் வரப்பில் வந்து நின்றார்கள். கொம்பையா குனிந்து, மேட்டுப் பாத்தியின் மடையை அடைத்திருந்த களிமண்ணைக் கையால் தோண்டி எடுத்தார்.

நீர் இறங்கியது. இருட்டில் வாய்க்கால் தேடி ஓடியது. முதல் பாத்தி மினுங்கியது. இரண்டாவது. மூன்றாவது. கடைசிப் பாத்தி.

"ஆத்தாடி!" பேச்சியம்மாள் வாயில் கை வைத்தாள். "களவாணி மாதிரி சத்தமில்லாம வருதே!"

குலவை வெடித்தது. அது அடங்குமுன்னே அவளுக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது.

"தாயி, எல்லாஞ் சரி. மேகம் மூடினா பம்பு ஓடுமா?"

"மேகம் மூடினா உப்பு விளையுமா, பேச்சி?"

பேச்சியம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அன்று உச்சிப்பொழுதில் இன்ஜின் லாரியில் ஏறியது. கொம்பையா அதைக் கந்தல் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டார். லாரி உறுமிக் கிளம்பியது. கரும்புகை பாத்திகளின்மேல் படர்ந்து, மெல்லக் கலைந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த கொம்பையாவின் முகம் மாறியது. மேட்டுப் பாத்தியின் வரப்பைச் சரிசெய்துகொண்டிருந்த உலகம்மையிடம் விரைந்து வந்தார்.

"தாயே, நம்ம அளத்துக்குச் சரி. நம்ம இன்ஜினைத் தூக்கிட்டுப் போற லாரியே எண்ணெயிலதான் போகுது. கப்பல் இருக்கு. ராவும் பகலும் ஓடுற ஆலை இருக்கு. அதுக்கெல்லாம் வெயில் எப்படிப் போதும்?"

"அந்த எண்ணெய் எங்கேயிருந்து வந்தது, அண்ணாச்சி?"

"பூமிக்கு அடியிலயிருந்து."

"அதுக்கு முன்னால?"

கொம்பையா நெற்றியைச் சுருக்கினார். "என்னைக்கோ கடல்ல மிதந்த பாசி. அதைத் தின்ன பூச்சி. செத்து அடியில படிஞ்சு..."

"பாசி எதைத் தின்னுச்சு?"

கொம்பையா அண்ணாந்து பார்த்தார். கண் கூசியது.

உலகம்மை மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தார்.

"அன்னைக்கு அடிச்ச வெயிலுக்குப் பூமி மேட்டுப் பாத்தி கட்டி வச்சுது. இன்னைக்கு அடிக்கிற வெயிலுக்கு நாம கட்டணும்."