இலுப்பை மரத்தைக் காலி செய்யும் திட்டம்

ஆற்றோரக் காட்டில் ஒரு கிழட்டு இலுப்பை மரம். கடுவன் குரங்கு, கிளிகள், அணில்கள், மைனா என்று நாற்பது குடும்பங்கள் அதில் வாழ்ந்தன. எங்கே ஓட்டை விழுந்தாலும் களிமண்ணை அப்பி அடைத்துவிடுவார்கள். பாதி மரம் மண்தான்.

ஒருநாள் மரங்கொத்தி அடிமரத்தைத் தட்டிப் பார்த்தது.

"உள்ளே ஒண்ணுமே இல்லை! ஆடிக் காத்துக்குத் தாங்காது. அதோ, அந்த மருதமரம் காலியா கிடக்கு. இப்பவே கிளம்புங்க!"

தலைவர் கடுவன் கூட்டம் போட்டது. "போகத்தான் போறோம். எதையும் திட்டம் போட்டுச் செய்யணும்!"

யாருக்கு எந்தக் கிளை என்று பேசியே சித்திரை முடிந்தது. பழைய மரத்தில் இருக்கிற கோணல் கிளை புது மரத்திலும் வேண்டும் என்று கிளிகள் அடம்பிடித்தன. வைகாசியும் போனது.

மைனாவுக்கு முட்டையிடும் நேரம். "தலைவரே, நான் மட்டும் முன்னாடி போயிடட்டுமா?"

"ஆளாளுக்குக் கிளம்பினா கட்டுப்பாடு என்னம்மா ஆகும்? எல்லாரும் ஒண்ணாத்தான் போகணும்! இத்தனை வருஷம் நின்ன மரம், இன்னும் ஒரு மாசம் நிக்காதா?"

மைனா அடங்கிப் போனது. பழைய பொந்திலேயே மூன்று குஞ்சு பொரித்தது. அந்தச் சமயம் குஞ்சு வைத்திருந்தது அது மட்டும்தான். மரங்கொத்தி மறுபடி வந்து தட்டியது. "காது வலிக்குது!" என்று எல்லாரும் சேர்ந்து அதை விரட்டினார்கள்.

ஆடி பிறந்தது. ஒரு நடுப்பகலில் காற்று சுழற்றி அடித்தது. மரம் மடாரென்று சாய்ந்தது. கடுவன் பக்கத்து மரத்துக்குத் தாவியது. கிளிகள் பறந்தன. அணில்கள் துள்ளி ஓடின. இறகு முளைக்காத மூன்று குஞ்சுகளும் சாய்ந்த மரத்துக்கு அடியில் நசுங்கின.

"அந்த மரங்கொத்தி கொத்திக் கொத்தியே மரத்தைச் சாய்ச்சிடுச்சு!" என்றது ஒரு கிளி. எல்லாரும் தலையாட்டினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்!

கடுவன் மைனாவிடம் வந்தது. "மனசைத் தேத்திக்கம்மா. நம்ம திட்டத்துல ஒரு குறையும் இல்லை. நாள் குறிக்கிறது ஒண்ணுதான் பாக்கி."

"உங்களுக்கு எதுக்கு நாள், தலைவரே? உங்களுக்குத்தான் தாவத் தெரியுமே!" என்றது மைனா.

உளுத்துப்போன பழையதைக் கைவிடும் நாளைத் தப்பிக்க முடிந்தவர்கள் தள்ளிப்போட்டால், தப்பிக்க முடியாதவர்கள்தான் சாவார்கள்.