கவிழ்த்துப் போட்ட இறக்கை

செங்கோடனின் கருமாதிக் காரியம் முடிந்த மறுநாள் காலையில் சிவநேசன் பியூலாவின் கொட்டகைக்கு வந்தார்.

பியூலா விமானம் பழுதுபார்ப்பதில் தேர்ந்தவர். சிவநேசனைவிட வயதில் இளையவர். ஆனாலும் சிவநேசனும் செங்கோடனும் அவரையே குருவாக ஏற்று, ஆளுக்கொரு சிறிய விமானத்தைத் தங்கள் கையாலேயே கட்டியிருந்தார்கள். ஆற்று மணலிலும் கரட்டு மேட்டிலும் இறங்கக்கூடிய, பெரிய சக்கரம் வைத்த விமானங்கள்.

இன்னும் குறைந்த தூரத்தில் எழும்ப வேண்டும் என்று புதுக்கட்டை ஒட்டி இரண்டு விமானங்களின் இறக்கைகளையும் நீட்டியது சிவநேசனின் யோசனை. இறக்கைமேல் மணல் மூட்டை ஏற்றிப் பார்க்காமல் பறக்க வேண்டாம் என்று பியூலா சொல்லியிருந்தார். தான் போட்ட கணக்கே போதும் என்றுவிட்டார் சிவநேசன். செங்கோடன் அதை நம்பி முதலில் பறந்தார். சோளக்காட்டுக்கு மேலே அவருடைய இடது இறக்கை முறிந்து மடங்கியது.

“ஏன் முறிஞ்சது டீச்சர்?” என்று கேட்டார் சிவநேசன்.

“நீங்க என்ன நினைக்கறீங்க அண்ணா?”

“அவன் எதுலயும் அவசரக்காரன். வெடுக்குனு திருப்பியிருப்பான். அவன் சம்சாரம் தெய்வானைகிட்டயும் அதைத்தான் சொன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அவருக்குச் சொன்னாக் கேக்கற பழக்கமே இல்லீங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.”

பியூலா எழுந்து, கொட்டகையின் மூலையில் நின்ற சிவநேசனின் விமானத்தருகே போனார்.

“இடது இறக்கையைக் கழட்டுங்க.”

இருவரும் அதைக் கழற்றித் தூக்கி வந்தார்கள். அடிப்பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து, உடலோடு சேரும் முனையை இரும்புச் சட்டத்தில் முடுக்கினார்கள். பறக்கும்போது காற்று மேல்நோக்கித் தள்ளுகிற அளவுக்கு இப்போது மணல் கீழ்நோக்கி அழுத்தும்.

“மூட்டையை வைங்க. நீங்க கணக்குப் போட்ட பாரம் வரைக்கும்.”

சிவநேசன் ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து வைத்தார். பியூலா கை கொடுக்கவில்லை. இறக்கை மெல்ல வளைந்தது. அது வளையும் என்பது சிவநேசனுக்குத் தெரியும். வேர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த மூட்டையைத் தூக்கி வந்தார். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலப் பதமாக வைத்தார்.

மரம் முறியும் சத்தம் கேட்டது. பழைய கட்டையோடு அவர் புதுக்கட்டையை ஒட்டிய இடம் பிளந்து, இறக்கை மடங்கித் தொங்கியது. மூட்டைகள் சரிந்து தரையெல்லாம் மணல்.

கணக்கில் பாதி பாரம்கூட ஏறியிருக்கவில்லை.

சிவநேசன் ஒட்டு விட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். செங்கோடனின் விமானத்திலும் அந்தக் கட்டையை ஒட்டியது அவர்தான்.

“அவசரமா வெச்சீங்களா அண்ணா?”

“இல்லை டீச்சர்.”

அவர் கொட்டிக் கிடந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். தலை நிமிராமல் கேட்டார்.

“தெய்வானைகிட்ட இப்ப நான் என்னன்னு போய்ச் சொல்றது?”

“அவர்மேலதான் தப்புன்னு சொல்லப் போனப்ப என்னைக் கேட்டுட்டா போனீங்க?” என்றார் பியூலா.