நரியோடையின் பதினாறு அடிக்கற்கள்

தும்பையூர்த் தொகுதியின் தேர்தல் வரலாற்றைத் தெரிந்துகொள்ள நூலகம், கலெக்டர் ஆபீஸ் என்று அலைய வேண்டாம். நேரே நரியோடைக் கரைக்குப் போனால் போதும். அங்கே பதினாறு அடிக்கற்கள் வரிசையாக நின்றன. முதல் தேர்தலில் ஜெயித்த ஜமீன்தார் நட்டது முதல் கல். அப்புறம் உலக்கைக் கட்சி, குடக் கட்சி, இரண்டும் சேர்ந்த கூட்டணி, இரண்டும் அடித்துக்கொண்டு பிரிந்தபோது நடுவில் புகுந்த சுயேச்சை என்று ஜெயித்தவர்கள் எல்லாரும் தேர்தலுக்கு ஒரு கல் நட்டார்கள். 'நரியோடைப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டியவர்' என்று பெரிய எழுத்தில் பெயரும் செதுக்கினார்கள். பாலம்தான் வரவில்லை. ஆடு கட்டக் கல் கிடைத்ததே, அந்த மட்டுக்கும் லாபம்!

கடைசி நான்கு கல்லும் பூவராகனுடையவை. நான்கு தடவை எம்.எல்.ஏ., மூன்று கட்சி. தோள் துண்டின் கரை மாறியதே தவிர, அதில் துடைத்த வாய் ஒன்றுதான்.

அவருக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுப்பவன் சிகாமணி. அவன் மனைவி மரகதத்துக்கு அக்கரை அங்கன்வாடியில் வேலை. தினமும் சேலையை முட்டிவரை தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கிப் போவாள். போன மழையில் சத்துமாவு மூட்டையோடு வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள்.

"உங்க எம்.எல்.ஏ.வை நல்லாப் புகழ்ந்து எழுதுங்க. நான் ஈரச் சேலையோட நின்னு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தர்றேன்" என்பாள். சிகாமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

அடுத்த தேர்தல் வந்தது. நேற்றுவரை பூவராகன் காரில் முன்சீட்டில் வந்த காளத்தி, எதிர்க்கட்சி வேட்பாளராக மைக்கைப் பிடித்தார். "நாலு கல்லு நட்டாரே, பாலம் எங்கே?" என்று தெருத்தெருவாகக் கேட்டார்.

பூவராகனுக்குத் தூக்கம் போனது. சிகாமணியைக் கூப்பிட்டார்.

"தேர்தல் விதி வந்தாச்சு. புதுசா ஒரு கல்லு நட முடியாது. கவர்மெண்ட் பணத்துல ஒரு மூட்டை சிமெண்ட் எடுக்க முடியாது. ஆனா பத்து நாளுல ஜனங்க கால் நனையாம அந்த ஓடையைத் தாண்டணும். தாண்டுறப்போ ஒவ்வொருத்தனும் தலை குனிஞ்சு என் பேரைப் பார்க்கணும். முடியலேன்னா, நீ வேலைக்கு வர வேண்டாம்."

சுற்றி நின்ற கைத்தடிகள் கெக்கலித்தார்கள்.

"தலை குனிஞ்சுதான் பார்க்கணுமா அய்யா?"

"பின்னே? மரியாதைன்னா குனியணும்டா!"

"அப்போ அதை இந்தத் தாள்ல எழுதிக்கிறேன். ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

பூவராகன் போட்டார். வாசித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை.

சிகாமணி அக்கரைக்குப் போய்ப் பேசினான். இரண்டு டிராக்டர் வந்தது. வடம் வந்தது. ஆள் வந்தது.

பத்தாம் நாள் பூவராகன் மாலையும் கழுத்துமாக, நிருபர்களைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கு வந்தார். வந்தவர் வாயைப் பிளந்தார். கரையில் ஒரு கல் இல்லை. பதினாறும் ஓடைக்குள், பெயர் மேலே தெரியும்படி படுத்திருந்தன. எட்டு வைக்கும் தூரத்துக்கு ஒன்று. அக்கரைப் பக்கம் கடைசி ஓர் எட்டுக்கு மட்டும் கல் பற்றவில்லை. அங்கே ஒரு பனந்துண்டு கிடந்தது. ஜனங்கள் வரிசையாகத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தலை குனிந்தே நடந்தார்கள். நிமிர்ந்தால் வழுக்கிவிடுமே!

தொழுவத்திலிருந்து நேரே வந்த ஒருவர், சாணிக் காலோடு 'மாண்புமிகு பூவராகன்' மேல் ஏறி நின்று இளைப்பாறினார்.

"அடப்பாவி! என் பேரை மிதிக்கிறான்டா!"

"தலை குனிஞ்சு பார்த்துட்டுத்தான் மிதிக்கிறார் அய்யா" என்றான் சிகாமணி. "யாருக்கும் கால் நனையலை. புதுக்கல்லும் நடலை. உங்க கையெழுத்து இருக்கு."

"இதுக்குப் பேர் பாலமாடா?"

"இல்லை அய்யா. ஆனா பதினாறு தேர்தலும் சேர்ந்து இந்த ஓடைக்குக் குடுத்தது இவ்வளவுதான். வேற ஏதாவது மிச்சம் இருந்தாச் சொல்லுங்க, அதையும் போட்டுடுறேன்."

ஒரு நிருபர், "சார், நீங்களும் ஒரு தடவை தாண்டிக் காட்டுங்க" என்றார். மறுக்க முடியுமா? பூவராகன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஜமீன்தாரை மிதித்தார். உலக்கையை மிதித்தார், குடத்தை மிதித்தார். தன் பெயர் வந்ததும் கால் எழவில்லை. நான்கையும் ஒரே தாவாகத் தாவப் பார்த்தார். நான்கு தேர்தலைத் தாவினவரால் நான்கு கல்லைத் தாவ முடியவில்லை. தொப்பென்று விழுந்தார்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம்தான். சிகாமணியின் வேலை அன்றைக்கே போனது. பூவராகனின் வேலை ஓட்டு எண்ணிய அன்று போனது.

காளத்தி ஜெயித்தார். அதற்குள் முதல் மழை பனந்துண்டை அடித்துக்கொண்டு போயிருந்தது. மரகதம் பதினாறு கல்லையும் தாண்டிப் போய், கடைசி எட்டில் திரும்பவும் சேலையை நனைத்தாள்.

காளத்தி நன்றி சொல்ல நரியோடைக்கு வந்தார். பாலம் கேட்பார்கள் என்று பயந்து, நிதி நெருக்கடி பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். சிகாமணி முன்னால் வந்து கும்பிட்டான்.

"அய்யா, எங்களுக்குப் பாலமெல்லாம் வேண்டாம். அடிக்கல் மட்டும் நட்டுக் குடுத்தாப் போதும்."

காளத்திக்குக் காது குளிர்ந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். "இப்படி ஒரு ஜனம் கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்யா!" என்று தன் பொன்னாடையைக் கழற்றிச் சிகாமணிக்குப் போர்த்தினார். பேச்சு எழுதும் வேலையையும் அங்கேயே கொடுத்தார்.

"கல்லு மட்டும் கொஞ்சம் அகலமா இருக்கட்டும் அய்யா. பழைய எம்.எல்.ஏ. கல்லையெல்லாம் விட அகலமா."

"போட்டுட்டாப் போச்சு!"

மேளதாளத்தோடு பதினேழாவது கல் நட்டார் காளத்தி. அவர் கார் மறைந்ததும் டிராக்டர் வந்தது.

மறுநாள் காலையில் மரகதம் நனையாமல் ஓடையைத் தாண்டினாள். அக்கரையோரம் காளத்தியின் பெயர்மேல் நின்று, செருப்பில் ஒட்டிய சேற்றை அதிலேயே நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரப் போனாள்.