முழங்கால் தைலத்துக்கு ஒரு கடிதம்

என்னை முதலில் வஞ்சித்தவர் கோவில்பட்டித் தைலக் கம்பெனி முதலாளி சங்கரபாண்டியன். நான் அங்கே புட்டி கழுவினேன்.

முழங்கால் தைலம் விற்காமல் தேங்கியது. ஊர் ஊராக அனுப்ப மேனேஜர் ஒரு கடிதம் எழுதி, முதலாளி முன்னால் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். கம்பெனியின் பழமை, முதலாளியின் பெருமை, வாங்கிய விருதுகள். நான் சிரித்துவிட்டேன்.

“என்னலே சிரிப்பு?” என்றார் முதலாளி.

“வலிக்கிறவனப் பத்தி ஒரு வரிகூட இல்லையே, மொதலாளி.”

“அப்ப நீ எழுதுலே. அதப் படிச்சு எனக்கே வாங்கத் தோணுச்சுன்னா, எல்லார் முன்னாலயும் ஒன்ன அண்ணாச்சின்னு கூப்பிடுதேன். இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராத.”

தைலம் காய்ச்சுகிறவர் தன் தைலத்தையே வாங்குவாரா? எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். நான் ஒரு லேபிளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

“ஐயா, மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்குகிறீர்களா? யாராவது பார்த்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல் நிற்கிறீர்களா? விழுந்தால் எழ முடியாதென்று சாமியை நின்றபடியே கும்பிடுகிறீர்களா? யாரிடமும் சொல்ல வேண்டாம். இதைத் தடவிப் பாருங்கள்.”

முதலாளி சத்தமாகத்தான் வாசிக்கத் தொடங்கினார். செருப்பு வந்ததும் குரல் இறங்கியது. சாமி வந்தபோது உதடு மட்டும் அசைந்தது. கை முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது.

“என்னையப் பத்தி யாருலே ஒனக்குச் சொன்னது?”

“எனக்கும் முழங்கால் இருக்கே, மொதலாளி.”

அவர் மேனேஜர் பக்கம் திரும்பி, “கார்ல ஒரு புட்டி வைங்க” என்றார். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கடிதம் முதலாளி பெயரில் அச்சாகி ஊரெல்லாம் போனது. தைலமும் விற்றது. அண்ணாச்சி என்ற அந்த ஒரு சொல் மட்டும் இன்னும் வரவில்லை. நேற்று கடைவீதியில் எதிரே வந்த முதலாளி, “என்னலே, சௌக்கியமா?” என்றார். நான் அந்தச் சொல்லுக்காகக் காத்து நின்றேன். அவரும் செருப்பைச் சரிசெய்வதுபோல் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்.