ஆடாத தலை

ஒரு காட்டுல ஒரு ஓணான் இருந்துச்சு, பிள்ளைங்களா. பேரு பூச்சியப்பன். பாறை மேல வெயில் காஞ்சுக்கிட்டே தலையாட்டுறதுதான் அதுக்குப் பொழப்பு. கேட்டாலும் ஆட்டும், கேக்காட்டியும் ஆட்டும்.

பாறைக்குக் கீழ ஒரு குட்டை. கோடையில காட்டுக்கே அது ஒண்ணுதான் தண்ணி.

ஒருநாள் சிறுத்தை குட்டைக்கரையில வந்து கால் மேல கால் போட்டு உக்காந்துச்சு. தொண்டையைச் செருமிச்சு.

"இனிமே குட்டை எனக்கு மட்டும். மத்தவங்க ஓரத்துச் சேத்தை நக்கிக்கலாம். நான் ஒண்ணும் அராஜகக்காரன் இல்ல, ஊரைக் கேட்டுத்தான் செய்வேன். என்னப்பா, சம்மதந்தானே?"

தண்ணி குடிக்க வந்த மிருகங்க எல்லாம் பயத்துல பின்னால ஒதுங்குனாங்க. பாறை மேல பூச்சியப்பன் அது பாட்டுக்குத் தலையாட்டிக்கிட்டு இருந்துச்சு.

"பாத்தீங்களா, ஊரே ஒத்துக்கிச்சு"ன்னு சிறுத்தை தண்ணியில இறங்கிப் படுத்துக்கிச்சு.

சாயங்காலம் மான் வந்துச்சு. "ஏன்டா பூச்சியப்பா, அந்தத் தலையைக் கொஞ்சம் சும்மா வச்சிருக்கக் கூடாதா? தாகத்துல என் குட்டிக்கு நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சுடா."

"அக்கா, அது சம்மதம் இல்லக்கா. பழக்கம்."

"உனக்குத் தெரியும். அவனுக்கு?"

பூச்சியப்பனுக்கு வாயில இருந்த ஈ உள்ள இறங்கல.

"இதுக்கெல்லாம் பேச்சு எதுக்கு? என் பல்லால ஒரே குத்து"ன்னு பக்கத்துல நின்ன காட்டுப்பன்றி உறுமிச்சு.

"குத்துங்க மாமா. அப்புறம் அந்த ரத்தத் தண்ணியை யாரு குடிக்கிறது, அக்கா குட்டியா?"ன்னு பூச்சியப்பன் கேட்டுச்சு.

பன்றி பல்லை உள்ள இழுத்துக்கிச்சு.

"அவன் மறுபடி சம்மதம் கேப்பான். கொடுக்க வேணாம். அடிச்சா திருப்பி அடிக்க வேணாம், ஓடவும் வேணாம். நின்னா போதும்"னுச்சு பூச்சியப்பன்.

"ஓடாம நிக்கிறதா? மான்கிட்ட வந்து சொல்ற பாரு"ன்னு மான் பெருமூச்சு விட்டுச்சு.

மறுநாள் உச்சி வெயில். சிறுத்தை கூட்டத்தைக் கூட்டிச்சு. "அடுத்து, அந்தச் சேறும் எனக்கே. சம்மதந்தானே?" சொல்லிட்டு, நேரா பாறையைப் பாத்துச்சு.

பூச்சியப்பன் தாடையைப் பாறையில அழுத்தி வச்சுக்கிச்சு. பாறை தோசைக்கல்லாட்டம் சுட்டுச்சு. கழுத்துக்குள்ள யாரோ கிச்சுகிச்சு மூட்டுற மாதிரி இருந்துச்சு. தலை ஆடல.

"டேய், ஆட்டுடா."

"மாட்டேங்க."

"ஒரே மிதி. சட்னி ஆயிடுவ."

"மிதிங்க. மிதிச்ச தலை ஆடாதுங்களே."

சிறுத்தை ஒரு அறை விட்டுச்சு. பூச்சியப்பன் உருண்டு போயி சப்பாத்திக்கள்ளியில விழுந்துச்சு. முதுகெல்லாம் முள்ளு. நொண்டி நொண்டி ஏறி வந்து, அதே எடத்துல தாடையை வச்சுச்சு.

மானுக்குக் கால் நாலும் ஓடப் பாத்துச்சு. ஓடல. பாறைகிட்ட வந்து மண்டி போட்டு, பூச்சியப்பன் பக்கத்துல தாடையை வச்சுச்சு. அடுத்து பன்றி. அப்புறம் முயல், முள்ளம்பன்றி, மயில். பாறை முழுக்கத் தாடை.

"ஆட்டுங்க"ன்னு சிறுத்தை கத்திச்சு. மறுபடி கத்திச்சு. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கடைசியில பூனைக்குட்டி சத்தந்தான் வந்துச்சு. தாகம் தாங்காம, குனிஞ்சு தண்ணியை நக்க ஆரம்பிச்சுச்சு. நக்க நக்க, தலை மேலயும் கீழயும் போயிட்டு வந்துச்சு.

அந்த நேரம் பாத்து பூச்சியப்பன் மெதுவா கேட்டுச்சு: "ஐயா, குட்டை எல்லாருக்கும் பொதுதானுங்களே?"

"ஒத்துக்கிட்டாரு"ன்னுச்சு பன்றி.

சிறுத்தை மீசையில தண்ணி சொட்ட நிமிந்துச்சு. "டேய், நான் தண்ணிதானேடா குடிச்சேன்."

"நானும் நேத்து வெயில்தானுங்களே காஞ்சேன்."

முதல்ல மான்தான் சிரிச்சுச்சு. சிறுத்தை கையை ஓங்கிச்சு. ஓணான் முதுகுல குத்தி நின்ன முள்ளைப் பாத்துச்சு. வரிசையா இருந்த தாடைங்களைப் பாத்துச்சு. ஒருத்தரும் ஓடல, ஒருத்தரும் அடிக்க வரல. ஓங்குன கை தானா கீழ எறங்குச்சு.

"அந்தக் குட்டியை முன்னாடி விடுங்க"ன்னு முணுமுணுத்துட்டு, ஓரமா நகந்து உக்காந்துச்சு.

மான்குட்டி ஓடி வந்து தண்ணியில வாய் வச்சுச்சு. அதைப் பாத்து பூச்சியப்பன் தலையாட்டிச்சு. அது பழக்கம் இல்ல, பிள்ளைங்களா. சம்மதம்.

நீதி: அநியாயம் நம்ம சம்மதத்து மேலதான் உக்காந்திருக்கு, அடிபட்டாலும் திருப்பி அடிக்காம அந்தச் சம்மதத்தை எல்லாரும் திரும்ப எடுத்துக்கிட்டா, அது எந்திரிச்சே ஆகணும்.