பரணில் உப்பு

"'புள்ள பொறந்து ஒன்பது நாளாச்சு. பேரு என்ன வைக்கணும்னு அவ அப்பன்கிட்ட கேக்க உங்க பெட்டியில இடமில்லையா?'

டெல்பின் சொன்னது இதுதான் சிஸ்டர். ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல. குழந்தையை என் கீபோர்டு மேல கிடத்திட்டுச் சொன்னா."

இதைச் சொன்ன பிரிட்டோவுக்கு ஐம்பது வயது. ஆழ்கடல் போன படகுகளுக்குச் சேதி அனுப்பும் பெட்டி அவர் பொறுப்பு. டெல்பின் புருஷனும் அப்படி ஒரு படகில்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாளைக்கு முப்பது எழுத்துதான். சேதியைச் சுருக்க அவரே ஒரு புரோகிராமும் எழுதியிருந்தார்.

சிஸ்டர் லெயோனிக்கு முப்பத்தைந்து. கான்வென்ட்டில் கணக்கு டீச்சர், சமையற்கட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். தன்னைவிடச் சின்னவளிடம் யோசனை கேட்டு நிற்பது பிரிட்டோவைப் பொறுத்தவரை பெரிய தியாகம்.

"நேத்து அவ என்ன அனுப்பினா?"

"'சாப்பிட்டீங்களா தூங்குனீங்களா இங்க எல்லாரும் நல்லாருக்கோம்.' முப்பதும் காலி. தினமும் இதேதான். அதை விட்டுத் தொலையேம்மான்னேன். அப்பதான் குழந்தையைக் கிடத்தினா."

"உங்க புரோகிராம் எதைத்தான் சுருக்குது?"

பிரிட்டோ நிமிர்ந்தார். "'கனம் பொருந்திய ஐயா', ஒரே எழுத்து! 'தங்கள் உண்மையுள்ள', ஒரே எழுத்து! எங்க ஆபீசோட இருபது வருஷத்துக் கடிதத்துல இருந்து உக்காந்து பொறுக்கினேன்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. கஷ்டப்பட்டுத்தான்.

"நாளைக்கு வாங்க. ஹாஸ்டல் பிள்ளைங்களுக்குச் சமைக்கணும், கூடமாட ஒத்தாசை பண்ணுங்க."

மறுநாள் வெள்ளி. ஞாயிறன்று குழந்தைக்கு ஞானஸ்நானம்.

அடுப்புக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், கிறிஸ்துமஸ் கேக் அச்சு. பிஷப் வந்தால் எடுக்கும் பீங்கான் தட்டு. உப்பு பரணில். மிளகாய்த்தூள் பரணில். கரண்டியும் பரணில்.

பிரிட்டோ ஏணியில் ஏறினார். இறங்கினார். சாம்பாருக்கு ஏறினார். பொரியலுக்கு ஏறினார்.

ஏழாவது தடவை ஏணி நடுவில் நின்று கத்தினார்.

"எந்த மடையன் உப்பைக் கொண்டுபோய்ப் பரண்ல வெச்சான்? தினமும் வேண்டியதை..."

குனிந்து பார்த்தார்.

கீழே சிஸ்டர் கேக் அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிரிட்டோ ஏணியிலிருந்து குதித்து, கட்டிய ஏப்ரனோடு ஆபீசுக்கு ஓடினார். அன்று சாம்பாரில் உப்பில்லை.

மாலைக்குள் கரையிலும் படகுகளிலும் ஒரே எழுத்தாகச் சுருங்கும் சொற்களின் பட்டியல் மாறியது. கனம் பொருந்திய ஐயா வெளியே போனார். சாப்பிட்டீங்களா உள்ளே வந்தது.

சனிக்கிழமை டெல்பின் சாப்பாடு, தூக்கம், சௌக்கியம் மூன்றையும் மூன்றே எழுத்தில் முடித்தாள். அப்புறம்: "புள்ள பேரு சொல்லுங்க. ஞாயிறு ஞானஸ்நானம்."

மதியமே பதில் வந்துவிட்டது.

"சாப்பிட்டேன். தூங்குனேன். பேரு ரெஜினா. உன்னை மாதிரியா இருக்கா?"

டெல்பின் அதை மூன்று தடவை சத்தமாகப் படித்தாள். ரெஜினாவைத் தூக்கிப் பிரிட்டோ கையில் கொடுத்துவிட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, இன்னிக்கு இன்னும் எட்டு எழுத்து மிச்சமிருக்கே. என்ன எழுத?"

பதில் வந்ததா என்று பார்க்க வந்திருந்த சிஸ்டரை பிரிட்டோ பார்த்தார். சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வெக்கமா இருக்கு. நீங்களே ஏதாவது சொல்லுங்களேன்," என்றாள் டெல்பின்.